தோட்டாப் பெட்டியை நகலெடுப்போருக்கு: வாசகர் கேள்வி பதில்

கண்காட்சிகளுக்காகப் போர்க்காலப் பொருள்களைப் புதிதாகச் செய்துவைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், தோட்டாப் பெட்டி தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: ஐயா, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கோயம்புத்தூரைப் பற்றி எங்கள் பள்ளியில் ஒரு காட்சியறை அமைக்கவிருக்கிறோம். அதில் நான்கைந்து தோட்டாப் பெட்டிகளை வைக்க எண்ணியுள்ளோம். உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் பச்சை வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. ஒரு முனையில் கீலும் மறுமுனையில் அழுத்தி மூடும் தாழும் உள்ளன. அதையே மாதிரியாகக் கொண்டு மற்றவற்றையும் செய்யலாமா?
(வரலாற்று ஆசிரியர், சூலூர் வட்டாரம்)

பதில்: அந்தப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தாங்கள் விவரிக்கும் அமைப்பு அமெரிக்க வகையைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் ‘எம்1’, ‘எம்2’ என்னும் பெயர்களில் இத்தகைய பெட்டிகள் இருந்தன; ‘எம்1’ பெட்டியில் .30 அங்குல இயந்திரத் துப்பாக்கிக்கான 250 தோட்டாக்கள் கோத்த பட்டை மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் இன்று எளிதாகக் கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை போருக்குப் பின் வந்த ‘எம்2ஏ1’ வடிவத்தைச் சேர்ந்தவை, அல்லது அதைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்யப்பட்டவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், 1942-ஐக் காட்டும் அறையில் அதற்கு வேலையில்லை.

கிடைத்த பெட்டிக்கு ஏற்றபடி வரலாற்றைத் தேடுவது தலைகீழான முறை. எந்தத் துப்பாக்கி, எந்த ஆண்டு, யாருடைய கையில் இருந்தது என்று முதலில் தீர்மானித்துவிட்டால், பெட்டியின் மரம், அளவு, கைப்பிடி, எழுத்து ஆகிய அனைத்தும் அந்தத் தீர்மானத்திலிருந்தே பிறக்கும். தங்கள் ஊருக்கு அந்தத் தீர்மானம் கடினமன்று. 1942 ஆகஸ்டில் சிங்காநல்லூர் அருகே போர்த்தளவாடம் ஏற்றிவந்த ரயில் கவிழ்க்கப்பட்டதும், அதே மாதம் 26-ஆம் நாள் சூலூர் விமானதளம் தீக்கிரையாக்கப்பட்டதும், அவ்வாண்டு முதல் 1946 வரை கோயம்புத்தூரில் பிரிட்டிஷ் கடற்படை ‘கருடா’ என்னும் பெயரில் ஒரு விமானத் தளத்தை நடத்தியதும் தங்கள் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். இவற்றுள் முதல் இரண்டையும் காட்டுவதானால், அன்றைய பிரிட்டிஷ் இந்தியப் படையும் காவல்துறையும் கையாண்ட .303 அங்குல லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியே பொருத்தமானது. மூன்றாவதைக் காட்டுவதானால் நிலைமை சற்று மாறும். அமெரிக்காவில் செய்யப்பட்ட கோர்செயர் போன்ற விமானங்களைப் பிரிட்டிஷ் கடற்படையும் பயன்படுத்தியது, அவற்றில் இருந்தவை .50 அங்குல இயந்திரத் துப்பாக்கிகள். ஆகவே அமெரிக்க இரும்புப் பெட்டிக்கு ஒரு மூலையில் இடம் உண்டு என்று வாதிட முடியும். ஆனால் அது போர்க்கால ‘எம்2’ வடிவமாக இருக்க வேண்டும். தங்களுக்குக் கிடைத்ததைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

.303 பெட்டியைத் தேர்ந்துகொண்டால், அதைத் தனிப் பெட்டியாக எண்ணாமல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய நான்கு உறைகளாக எண்ணுங்கள். ஐந்து தோட்டாக்கள் ஒரு கிளிப்பில் செருகப்பட்டிருக்கும். இரண்டு கிளிப்புகள் துணிப்பட்டையின் ஒரு பையில் அடங்கும். அத்தகைய ஐந்து பைகள் கொண்ட பட்டையில் ஆக 50 தோட்டாக்கள். வீரர் அதை மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்வார். தீர்ந்தபின் எறிந்துவிடும் அளவுக்கு மலிவான துணியால் அது தைக்கப்பட்டிருந்தது. இந்தப் பட்டைகள் ஒரு தகர உறைக்குள் அடுக்கப்பட்டு, உறையின் வாய் ஈயத்தால் பற்றவைத்து அடைக்கப்படும். அந்தத் தகர உறையைத் தாங்குவதற்காகத்தான் வெளியே மரப்பெட்டி. பெட்டிக்குப் பெட்டி எண்ணிக்கை மாறியதால், தாங்கள் மாதிரியாகக் கொள்ளும் பெட்டியின் படத்தில் எழுதியுள்ள எண்ணையே பின்பற்றுங்கள். இரண்டு மூன்று பெட்டிகளின் கூறுகளைக் கலந்து புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டாம்.

தகர உறை எதற்காக என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கான விடை நம் மலையிலேயே இருக்கிறது. .303 தோட்டாவை உந்தித் தள்ளிய மருந்து கார்டைட். அதைச் செய்வதற்கென்றே குன்னூருக்கு அருகில் அருவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் செல்பவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடந்தே செல்கிறார்கள். ஈரமும் வெப்பமும் மாறிமாறித் தாக்கினால் மருந்தின் திறன் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும், பித்தளையும் களிம்பேறும். பர்மாக் காடுகளில் பருவமழைக்காலத்தில் போரிட்ட படைக்கு இது சிறு செய்தியன்று. காட்சியில் ஒரு பெட்டியை மட்டும் திறந்து, கிளிப், துணிப்பட்டை, தகரம், மரம் என்று நான்கு அடுக்குகளும் வரிசையாகத் தெரியும்படி வையுங்கள். மூடிய நான்கு பெட்டிகளைவிடத் திறந்த அந்த ஒன்றே அதிகம் கற்பிக்கும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சிங்காநல்லூர் ரயிலைப் பற்றிய படத்துக்கு அருகில் பெட்டியை வைத்தால், அந்த ரயிலில் வந்த பெட்டியின் நகல் இது என்று விளக்கப்பலகையில் எழுதாதீர்கள். ‘அக்காலத்துப் பிரிட்டிஷ் இந்தியப் படை பயன்படுத்திய வகை, இது புதிதாகச் செய்த நகல்’ என்று எழுதினால் போதும்.

கேள்வி: ஒரு கல்லூரி விழாவுக்குப் போர்க்கால மரப்பெட்டிகள் செய்து தரும்படி எங்கள் பட்டறைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். தேக்கில் செய்யவா, பிளைவுட்டில் செய்தால் போதுமா? மூலைகளை எப்படி இணைப்பது?
(மரவேலை ஆசாரி, காங்கேயம்)

பதில்: தேக்கு வேண்டாம். டாப்சிலிப் தேக்கின் பெயரைக் கேட்டே வளர்ந்த நமக்கு, படைக்குச் செய்த பெட்டி என்றால் உயர்ந்த மரத்தில்தான் இருந்திருக்கும் என்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை மகோகனி, தேக்கு போன்ற கடின மரங்களில் தோட்டாப் பெட்டிகளைச் செய்தது உண்மையே. உலகப்போர் வந்தபோது தேவை பல மடங்கு பெருகியது, கிடைத்த மென்மரங்களெல்லாம் பெட்டிகளாயின. ஆகவே பைன் போன்ற வெளிர்நிற மென்மரமே பொருத்தமானது. வெளிநாட்டு எந்திரங்கள் வந்திறங்கும் ஆலைகளில் கழித்துப்போடும் சரக்குத் தட்டுகளைக் கேட்டு வாங்கினால் மரச்செலவு பெரிதும் குறையும். அவற்றில் கோதுமைக் கதிர் போன்ற குறியும் எழுத்துகளும் சூடுபோட்டுப் பதிக்கப்பட்டிருக்கும்; அது இந்த நூற்றாண்டில் வந்த பன்னாட்டு மரச்சரக்கு முத்திரை. அந்தப் பகுதியை அறுத்து நீக்கிவிடுங்கள். பிளைவுட் அக்காலத்திலும் இருந்த பொருள்தான், ஆனால் இன்றைய பிளைவுட்டின் அறுத்த விளிம்பு கண்ணை உறுத்தும் என்பதால் அடித்தட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

மூலைகளில் பலகைகளின் பற்களை ஒன்றோடொன்று கோத்து இணைப்பதா, வெறுமனே ஆணி அடிப்பதா என்பதைத் தங்களிடம் உள்ள மாதிரிப் படமே சொல்லும். படத்தில் மூலை தெளிவாகத் தெரியாவிட்டால், மூலை தெரியும் வேறு படத்தைக் கேட்டு வாங்கிய பிறகே அறுக்கத் தொடங்குங்கள். தங்கள் பட்டறைக்கு ஒரு வசதி உண்டு: மூலப்பெட்டிகள் அடி, அங்குலக் கணக்கில் வரையப்பட்டவை, நம் ஆசாரிகளும் இன்றுவரை அதே கணக்கில்தான் பேசுகிறார்கள். வரைபடத்தை மில்லிமீட்டருக்கு மாற்றி, மீண்டும் அங்குலத்துக்குக் கொண்டுவருவதால்தான் மூடி உட்காராமல் போகிறது.

திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருக்கக் கூடாது. ஒற்றைக் கோடு உள்ள பித்தளை அல்லது இரும்புத் திருகாணியைத் தேடி வாங்குங்கள். கூட்டல் குறித் திருகாணி 1930-களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, பிரிட்டிஷ் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது. பார்வையாளர்களில் நூற்றுக்கு ஒருவர்தான் இதைக் கவனிப்பார். ஆனால் அந்த ஒருவர் கவனித்துவிட்டால், காட்சியில் எஞ்சியுள்ள எல்லாவற்றையும் ஐயத்தோடு பார்ப்பார். பசையைப் பொறுத்தவரை நாங்கள் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. அன்று வச்சிரம் காய்ச்சி ஒட்டினார்கள் என்பதற்காகத் தாங்களும் அதைக் காய்ச்ச வேண்டியதில்லை; பலகைக்கு வெளியே பசை வழியாமல் இருந்தால் போதும். அதுபோலவே இழைப்பு எந்திரத்தில் சீவிய பலகையை வெளிமுகத்தில் மட்டும் கைஇழைப்புளியால் ஒருமுறை ஓட்டினால், மேற்பரப்பின் பளபளப்பு மறைந்துவிடும்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1879 ஜனவரி 22-இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் படை சூலுக்களிடம் தோற்றபோது, தோட்டாப் பெட்டிகளின் மூடியைத் திறக்க முடியாததே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அந்தப் பெட்டியின் மூடி பக்கவாட்டில் நழுவித் திறப்பது, ஒரே ஒரு பித்தளைத் திருகாணியால் பிடிக்கப்பட்டது. அவசரத்தில் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தாலே திறந்துவிடும் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தோல்விக்குப் பெட்டியைக் குற்றம் சாட்டுவது எளிது என்பதால் அந்தக் கதை நிலைத்துவிட்டது போலும். இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், மூடி எப்படித் திறக்கும் என்பதுதான் எந்தத் தோட்டாப் பெட்டிக்கும் உயிர்நிலை. திறக்க முடியாதபடி ஆணியடித்து மூடிய நகல், வெறும் மரக்கட்டைக்கு வண்ணம் பூசியதற்குச் சமம்.

கைப்பிடிக் கயிற்றில் நம் ஊர்க்காரர்கள் வழக்கமாக வழுக்கி விழுகிறார்கள். பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதையே கட்டிவிடுகிறார்கள். அதன் செம்பழுப்பு நிறமும் சிலிர்த்த நாரும் தொலைவிலிருந்தே தனித்துத் தெரியும். முறுக்கேற்றிய சணல் கயிறு வாங்கி, பலகையிலுள்ள இரு துளைகளிலும் நுழைத்து, உட்புறத்தில் முடிச்சிடுங்கள். நைலான் கயிற்றைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை என்று நம்புகிறோம்.

கேள்வி: தகர உறையையும் துணிப்பட்டையையும் எங்கே, எதைக் கொண்டு செய்வது?
(கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: தகரத்துக்கு 15 கிலோ எண்ணெய் டின்களே போதும். தகரப் பட்டறையில் அவற்றை விரித்து, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து, மூலைகளில் ஈயம் பற்றவைத்துத் தருவார்கள். மேல்தகடு கிழித்துத் திறக்கக்கூடியது என்பதைக் காட்ட, மாதிரிப் படத்தில் உள்ளவாறு கம்பி வளையம் ஒன்றையும் பற்றவைக்கச் சொல்லுங்கள். உறையைத் தொட்ட பிறகு மாணவர்கள் கைகழுவுவது நல்லது. பற்றவைப்பில் ஈயம் கலந்திருக்கும். வெட்டிய விளிம்புகளை மடித்துத் தட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

துணிக்குத் தாங்கள் அலைய வேண்டியதில்லை. சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் ஓடும் சலவை செய்யாத காடாத் துணி, மூலப்பட்டைக்கு மிக நெருங்கியது. தேயிலைச் சாற்றில் நனைத்துப் பழுப்பாக்குவது பலரின் வழக்கம், ஆனால் அது சீராகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாகும். சாயப்பட்டறையில் மங்கிய காக்கி நிறத்தை ஒரே சீராக ஏற்றி வாங்குவதே மேல்.

கேள்வி: பெட்டியின் மேல் என்ன எழுதுவது? புதிதாகச் செய்த பெட்டியைப் பழையதாகத் தோன்றச் செய்வது எப்படி?
(காட்சி அரங்க அமைப்பாளர், திருப்பூர்)

பதில்: எழுத்துதான் இந்தப் பெட்டியின் மிக முக்கியமான பாகம். கிடங்கில் அரையிருட்டில் நிற்கும் ஒருவர், பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் சரக்கின் வகை, எண்ணிக்கை, செய்த இடம், தொகுதி எண், ஆண்டு ஆகியவற்றைப் படித்தறிய வேண்டும். தவறான பெட்டி முன்னணிக்குப் போய்ச் சேர்ந்தால் துப்பாக்கி இருந்தும் பயனில்லை. ஆகவே அழகுக்காக எழுத்துகளை இடம் மாற்றுவதோ, இடைவெளியை நிரப்ப எண்களைக் கற்பனை செய்வதோ கூடாது. இந்தியாவில் புனே அருகிலுள்ள கிர்க்கியிலும், கல்கத்தா அருகிலுள்ள டம்டமிலும் தோட்டாத் தொழிற்சாலைகள் இருந்தன; கிர்க்கியில் செய்த தோட்டாவின் அடிப்புறத்தில் ‘கே எஃப்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அரசுடைமையைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியையும் மாதிரியில் இருந்தால் மட்டும் இடுங்கள். தொகுதி எண் படத்தில் தெளிவாக இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுவதில் எந்தக் குறையும் இல்லை.

பழைய சட்டப்படி வெடிபொருள்களை ஏழு வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள், தோட்டாக்கள் ஆறாம் வகுப்பில் அடங்கும். ஏழாம் வகுப்பு பட்டாசு. சிவகாசிச் சரக்கு லாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெட்டியில் ஒட்டிய சீட்டில் இந்த வகுப்பு எண் காணப்பட்டால் அது அலங்காரமன்று, ரயிலிலும் கிடங்கிலும் எந்தச் சரக்கோடு எதைச் சேர்த்து வைக்கலாம் என்பதற்கான கட்டளை.

எழுதும் முறைக்குத் திருப்பூரில் இருக்கும் தங்களுக்கு நாங்கள் வழிகாட்டத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம்: துணியில் அச்சிடும் ஸ்கிரீன் முறை இங்கே வேண்டாம், அதன் கோடுகள் மிகவும் கூர்மையாக விழும். மெல்லிய தகட்டில் எழுத்துகளை வெட்டி, அவற்றின் நடுப்பகுதிகளைப் பிடித்திருக்கும் சிறு பாலங்களை அப்படியே விட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் ஒற்றியெடுங்கள். எழுத்து ஓரத்தில் சிறிது மங்கினால் அதுவே இயல்பு. கணினியில் கிடைக்கும் ‘ராணுவ எழுத்துரு’ என்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பெட்டிகளைப் பார்த்து வரையப்பட்டவை. படத்தைப் பெரிதாக்கி அதிலிருந்தே எழுத்துகளைப் படியெடுங்கள்.

பழையதாகத் தோன்றச் செய்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. காட்சி அரங்குகளில் பார்க்கும் நகல்கள் எல்லாம் ஏன் சேற்றில் புரண்டு, தீயில் கருகி, சங்கிலியால் அடிபட்டவையாக இருக்க வேண்டும்? 1942-இல் ஒரு பெட்டி கிடங்கிலிருந்து புறப்பட்டபோது அது புத்தம்புதிதாக இருந்தது, தச்சுப் பட்டறையின் மரவாசனைகூடப் போயிருக்காது. எண்பது ஆண்டுத் துருவை அதன்மேல் ஏற்றினால் நாம் காட்டுவது போர்க்காலத்தை அன்று, பழைய சாமான் கடையை. மங்கிய எண்ணெய்ப்பூச்சு ஒன்று, கயிறு உராயும் இடத்திலும் அடித்தட்டின் விளிம்பிலும் சிறிது தேய்மானம் ஆகியவை போதும். பளபளக்கும் எனாமல் பூச்சையும் தவிர்த்துவிடுங்கள். முக்கியமாக, பெட்டியின் அடிப்புறத்தில் ‘நகல்’ என்னும் சொல்லையும், செய்த ஆண்டையும், பட்டறையின் பெயரையும் சூட்டுக்கோலால் அழியாமல் பொறியுங்கள். இல்லாவிட்டால் நன்றாகச் செய்த நகல் கைமாறிக் கைமாறி, ஒருநாள் உண்மையான பழம்பொருளாக விலைபேசப்படும்.

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவரிடம் பழைய வெற்றுத் தோட்டாக்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றைப் பெட்டிக்குள் வைத்தால் காட்சி உயிரோட்டமாக இருக்குமல்லவா? கைக்குண்டுப் பெட்டியும் செய்ய ஆசை.
(வாசகர், கரூர்)

பதில்: வைக்காதீர்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாக்களுக்குத் தரும் வரையறையில் அவற்றின் பாகங்களும் அடங்குகின்றன. மருந்து இல்லாத வெற்றுக்கூடுதானே என்று சொல்லித் தப்ப முடியும் என்று நம்பிப் பொதுக் காட்சியில் அடுக்குவது அறிவுடைமையாகாது. உறவினர் அவற்றை வைத்திருப்பது முறையானதா என்பதையும் அவர் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டறிந்துகொள்வது நல்லது. இவை வெறும் கூடுகள் அல்லாமல், கிணறு தூர்வாரும்போதோ பழைய வீட்டை இடிக்கும்போதோ குண்டு போன்ற ஏதேனும் அகப்பட்டால், தொடாமலும் நகர்த்தாமலும் காவல்நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

போலித் தோட்டாவை மரத்தில் கடைந்து வண்ணம் பூசுவதே சிறந்த வழி. .303 தோட்டாவின் முழுநீளம் ஏறத்தாழ 78 மி.மீ., அடிவிளிம்பின் விட்டம் 13.7 மி.மீ. கூட்டுக்குப் பித்தளை நிறம், முனைக்கு மங்கிய வெள்ளி நிறம் பூசினால், பட்டையின் பைக்குள் பாதி மறைந்திருக்கும்போது யாருக்கும் வேறுபாடு தெரியாது. வெளியே எடுத்துப் பார்ப்பவருக்கு மரம் என்று உடனே தெரிவதும் நன்மைக்கே.

கைக்குண்டுப் பெட்டி அருமையான தேர்வு, ஆனால் குண்டுகள் இல்லாமல். மில்ஸ் வகைக் கைக்குண்டுகள் ஒரு பெட்டிக்கு 12 வீதம் அடுக்கப்பட்டன. அவற்றை வெடிக்கச்செய்யும் சிறு பாகங்கள் குண்டோடு சேர்க்கப்படாமல், அதே பெட்டியில் தனியான ஒரு தகர டப்பாவில் இருந்தன. குண்டின் அடிமூடியைத் திறக்கும் சாவியும் உடன் இருந்தது. வண்டியில் குலுங்கிச் செல்லும்போது ஆபத்து நேராமல் இருக்கவும், பயன்படுத்தும் நேரம் வரும்வரை குண்டு முழுமை பெறாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு அது. 12 வெற்றுக் குழிகளையும் மூடிய டப்பாவையும் காட்டினாலே இந்த ஏற்பாடு முழுவதும் விளங்கிவிடும்.

கேள்வி: நகல் பெட்டியை மாணவர்கள் தூக்கிப் பார்க்கும்படி வைக்கலாமா? என்ன எடை வைப்பது?
(ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

பதில்: வைக்கலாம், அதற்கென்று தனியாக ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். ஒரு .303 தோட்டாவின் எடை ஏறத்தாழ 25 கிராம். எனவே 50 தோட்டாக்கள் கொண்ட ஒரு பட்டை ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். பத்துப் பட்டைகளுக்குத் தோட்டாக்கள் மட்டுமே பன்னிரண்டரைக் கிலோ, அதற்குமேல் தகரமும் மரமும் சேரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுவே அதிகம் என்பதால், எம்-சாண்ட் நிரப்பித் தைத்த சிறு பைகளைப் போட்டு, இருபுறக் கயிற்றையும் இருவர் பிடித்துத் தூக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். பைகள் உள்ளே நகராமல் இருக்கக் குறுக்குச் சட்டம் அடியுங்கள். கயிற்று முடிச்சை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பெட்டிகளைப் பட்டறையிலிருந்து பள்ளிக்குப் பேருந்தில் கொண்டுபோக நேர்ந்தால், எழுத்துகள் வெளியே தெரியாதபடி துணியால் சுற்றிக் கட்டி, பள்ளித் தலைமையாசிரியரின் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை உடன் வைத்துக்கொள்ளுங்கள். காட்சி தொடங்குவதற்கு முன் உள்ளூர்க் காவல்நிலையத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை இட்ட கடிதப் படியை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.